மெருகு போன துப்பாக்கி

துப்பாக்கியைப் பற்றிப் பெண்மணிகள் படிக்க என்ன இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் சொல்லப்போகும் துப்பாக்கியின் கதை போர்க்களத்தில் ஆரம்பிக்கவில்லை; ஒரு சட்டைத் தொழிற்சாலையில் ஆரம்பிக்கிறது.

அமெரிக்காவில் நியூ ஹேவன் என்று ஓர் ஊர். அங்கே ஆலிவர் வின்செஸ்டர் என்ற கனவான் ஆண்கள் சட்டை தயாரித்து விற்று நன்றாகச் சம்பாதித்தார். சம்பாதித்ததை, நொடித்துக்கொண்டிருந்த ஒரு துப்பாக்கிக் கம்பெனியில் கொண்டுபோய்ப் போட்டார். அந்த வீட்டு அம்மாளாக நான் இருந்திருந்தால் ஒரு மாதம் அவரோடு பேசியிருக்க மாட்டேன்! ஆனால் அவரிடம் வேலை பார்த்த பெஞ்சமின் டைலர் ஹென்றி என்ற கெட்டிக்காரர் 1860-ல் ஒரு புது மாதிரி ரைபிளுக்குப் பேடண்டு வாங்கினார். 1866-ல் முதலாளியின் பெயரிலேயே கம்பெனி எழுந்தது. 'லீவர்' ரைபிள் என்ற ஜாதி இப்படித்தான் பிரபலமாயிற்று.

கௌபாய் படங்களில் பார்த்திருப்பீர்கள். விசைக்கு அடியில் விரல்கள் நுழையும்படி ஒரு வளையம் இருக்கும். கதாநாயகன் அதைச் 'சடக்'கென்று முன்னால் தள்ளிப் பின்னால் இழுப்பான். அதுதான் லீவர். தள்ளும்போது வெடித்து முடிந்த வெற்றுத் தோட்டா துள்ளி வெளியே விழும்; இழுக்கும்போது அடுத்த தோட்டா ஏறிப்போய்க் குழலுக்குள் உட்காரும். தையல் மெஷினில் நாம் சக்கரத்தைத்தான் சுற்றுகிறோம். ஊசி, நூல், துணி எல்லாம் தத்தம் முறைக்கு நகரவில்லையா? அந்த மாதிரி.

ஒரு வேடிக்கை. குழலுக்குக் கீழே உள்ள குழாயில் தோட்டாக்கள் ரயில் பெட்டிகளைப் போல் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். முன்னால் நிற்பதன் முதுகில்தான் வெடிக்கும் பொட்டு இருக்கிறது. பின்னால் நிற்பதன் மூக்கு கூராக இருந்தால் அதைக் குத்திவிடலாம் அல்லவா? அதனால் இவற்றுக்கு மழுங்கல் மூக்குத் தோட்டாதான். ஜமைக்காவில் பிறந்த ஆர்தர் ஸாவேஜ் என்பவர் குழாயே வேண்டாம் என்று, சுழலும் உருளை ஒன்றை உள்ளே வைத்துவிட்டார். அவருடைய 1899 மாடலில் இன்னும் எத்தனை தோட்டா பாக்கி என்று பக்கவாட்டில் ஒரு சின்ன ஜன்னல் காட்டும். நம் அரிசி டின்னுக்கு யாரும் இப்படி ஒன்று கண்டுபிடிக்கவில்லை.

இத்தனையும் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பென்ஸில்வேனியாவில் என் மகள் வீட்டுக்கு அடுத்த வீட்டில், கணவரை இழந்த ஒரு வயதான அம்மாள் இருக்கிறாள். அவளிடம் ஒரு வின்செஸ்டர் 94 இருந்தது. 1951-ல் அவள் மாமனார் வாங்கியது. ஜான் பிரௌனிங் என்ற மேதை வகுத்துக் கொடுத்த மாடல். எழுபது லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது. அந்த ஊரில் நவம்பர் கடைசியில் மான் வேட்டைப் பருவம் வந்தால் பல பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறையே விட்டுவிடுவார்கள். கணவர் போன பிறகு மூன்று பருவம் அந்த அம்மாளே, ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிக்கொண்டு, இந்த ரைபிளோடு காட்டுக்குப் போயிருக்கிறாள்.

"மான் பாவம் இல்லையா?" என்று கேட்டேன். நான் மாமிசம் தொடாதவள். அவள் பதில் சொல்லாமல் குளிர்பெட்டியைத் திறந்து காட்டினாள். காகிதத்தில் சுற்றி, தேதி எழுதி, குளிர்காலம் முழுவதற்குமாக அடுக்கியிருந்தது. எனக்குச் சம்மதம் இல்லை; ஆனால் அதில் ஆடம்பரமும் இல்லை.

ரைபிளைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மூன்று கிலோ இருக்கும். எஃகு முழுவதும் கருநீலம். அது சாயம் இல்லை. துரு வராமலிருக்க, இரும்பின் மேல் வேண்டுமென்றே உண்டாக்கும் ஒருவித மெல்லிய துருதான்! நடுப்பாகத்தின் அடியில் மாத்திரம் நீலம் போய் வெள்ளிபோல் இருந்தது. காட்டில் நடக்கும்போது ஒற்றைக் கையால் பிடிக்கும் இடம் அது. மாமனார் கை, புருஷன் கை, இவள் கை, மூன்றும் தேய்த்த தேய்ப்பு.

மகனுக்கு வேட்டையில் நாட்டமில்லை. விற்றுவிடலாம், விற்குமுன் புது நீலம் ஏற்றிப் பளபளவென்று ஆக்கிவிடலாம் என்று கடைக்குக் கொண்டுபோனான். நமக்கும் அதுதானே தோன்றும்? பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்காமல் கூடத்தில் வைப்போமா? கடைக்காரரோ, "மெருகு போட்டால் பாதி மதிப்புப் போய்விடும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். பழைய ரைபிள் சேர்ப்பவர்கள் தேய்மானத்துக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறார்களாம்.

அவர்களுக்கு இன்னொரு பித்தும் உண்டு: 1964. அந்த வருஷம் கம்பெனி செலவைக் குறைக்க, எஃகைக் கடைந்து செய்த சில உறுப்புகளுக்குப் பதிலாகத் தகட்டில் அடித்த உறுப்புகளைப் போட்டது. அதற்கு முந்தியதென்றால் தனி மரியாதை. இதை நான் ஆதரிக்கிறேன். நினைவு மலர் மாதிரிப் பொன்முலாம் பூசி வந்தவற்றை வாங்கி, ஒரு தோட்டாகூடப் போடாமல் பெட்டியிலேயே பூட்டி வைக்கிறார்களே, அதுதான் எனக்குப் புரியவில்லை. கட்டாத பட்டுப்புடவைக்கு என்ன அழகு?

2014 நவம்பரில் நெவாடா மாநிலத்து கிரேட் பேஸின் தேசியப் பூங்காவில் ஓர் அதிசயம். ஒரு ஜூனிப்பர் மரத்தில் வின்செஸ்டர் 1873 ரைபிள் ஒன்று சாய்ந்து நின்றது. 1882-ல் செய்தது. சாய்த்து வைத்தவன் திரும்பி வரவே இல்லை. கட்டை மண்ணில் புதைந்து, மரமும் இரும்பும் ஒரே சாம்பல் நிறமாகியிருந்தன. கோடி நகரத்து அருங்காட்சியகத்தார் அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், நோயாளி பெயர் 'ரைபிள்' என்று பதிந்து எக்ஸ்ரே எடுத்தார்களாம்! கட்டைக்குள் ஒரு தோட்டா ஒளிந்திருந்தது. விரிசல் பெருகாமல் பதப்படுத்தினார்களே தவிர, புதிதாக்கவில்லை.

'மேற்கை வென்ற துப்பாக்கி' என்று 1873 மாடலைப் புகழ்வார்கள். யாருடைய மேற்கு? 1876-ல் லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் லக்கோட்டா, செயேன் வீரர்கள் பலர் கையில் இந்த லீவர் ரைபிள்கள் இருந்தன; அமெரிக்கச் சிப்பாய்களிடம் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி. சண்டையில் ஜயித்தவர்கள் அவர்கள்தான். நிலம் மாத்திரம் மிஞ்சவில்லை. அழகான வேலைப்பாடு என்று தடவிப் பார்க்கும்போது இதுவும் என் நினைவுக்கு வரத்தான் செய்கிறது.

அந்த அம்மாளுக்கு இப்போது கைமூட்டு வலி. லீவரைத் தள்ள முடியவில்லை. விற்கவும் மனமில்லை. சென்ற வருஷம் பேத்தியைக் கூப்பிட்டாள். அவள் பள்ளி ஆசிரியை.

"நான் மானைச் சுட மாட்டேன், பாட்டி" என்றாள் பேத்தி.

"சுடச் சொல்லவில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை எண்ணெய் போடு. மெருகு மாத்திரம் போட்டுவிடாதே."

பேத்தி வெகு நேரம் யோசித்தாள். பிறகு ரைபிளை எடுத்தாள். அவள் கை தானாகவே அந்த வெள்ளி இடத்தில்தான் போய்ப் பிடித்தது. அதைப் பார்த்துவிட்டுக் கிழவி உள்ளே போய்விட்டாள்.

துப்பாக்கி இருந்த இரும்பு அலமாரியில் இப்போது கிறிஸ்துமஸ் விளக்குச் சரங்கள் இருக்கின்றன.