நான் பரப்பிய சந்தேகம்

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, அதற்கு எதிரான ஒரு குரல்பதிவைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "நம்ம பிள்ளைகளுக்கு நாளைக்கு வாரிசே இருக்கக் கூடாதுன்னு பண்றாங்க" என்றது அந்தக் குரல். பண்ணுகிறவர்கள் யார் என்று அதில் இல்லை. பேசியவர் யார் என்பதும் இல்லை. இரண்டையும் நான் விசாரிக்கவில்லை.

சல்லிக்கட்டுத் தடைக்கு எதிரான போராட்டம் முடிந்து சில நாள்களே ஆகியிருந்தன. நான் மதுரைக்காரன். எங்களுக்கு இருந்த கோபம் நியாயமானது என்று இன்றும் சொல்வேன். ஆனால் அதற்குச் சம்பந்தமே இல்லாத ஓர் ஊசிக்கு எதிராக அந்தக் கோபத்தையே சாட்சியாக்கினேன். "ஏன் தமிழ்நாட்டுல மட்டும்?" என்று கேட்டேன். முதல் கட்டத்தில் கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு எல்லாமே இருந்தன. செய்தித்தாளைப் புரட்டியிருந்தாலே தெரிந்திருக்கும். "ஏன் 15 வயசு வரைக்கும்?" என்றும் கேட்டேன். கிருமி சுற்றிவரும் வயதினர் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் போட்டால்தான் பரவல் அறுபடும் என்பது பதில். அந்தப் பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. கேள்வி கேட்டதையே சிந்தித்ததாக எண்ணிக்கொண்டேன்.

வெளிநாட்டுக் கம்பெனிகளின் வேலை என்று முதலில் சொன்னேன். ஊசியைத் தயாரிப்பது புனேயில் உள்ள சீரம் நிறுவனம் என்று நண்பர் ஒருவர் காட்டியதும், அரசாங்கத்தின் வேலை என்றேன். அரசாங்கத்துக்கு இதில் என்ன லாபம் என்று அவர் கேட்டபோது, அரசாங்கத்துக்குப் பின்னால் இருப்பவர்கள் என்றேன். குற்றவாளியை இடம் மாற்ற முடிந்ததே தவிர, குற்றச்சாட்டைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. பெயர் சொல்லியிருந்தால் நிரூபிக்க வேண்டி வந்திருக்கும். சொல்லாததால் யாரும் என்னை மடக்க முடியவில்லை.

ஒரு பழைய விவகாரத்தையும் துணைக்கு அழைத்தேன். 2009-ல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பள்ளிச் சிறுமிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போட்ட திட்டம் அது. அங்கே நடந்தது உண்மையான அநியாயம்: பெற்றோர் போட வேண்டிய ஒப்புதல் கையெழுத்துகளில் பலவற்றை விடுதி வார்டன்கள் போட்டுக்கொடுத்திருந்தார்கள். அதை வெளிக்கொண்டுவந்தவர்கள் எந்தத் திட்டம், எந்த விடுதி, யாருடைய கையெழுத்து என்று ஊர் ஊராகப் போய்த் துருவினார்கள். 2010-ல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013-ல் நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையில், திட்டத்தை நடத்திய பாத் அமைப்பின் பெயரும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) பெயரும் கண்டனத்தோடு பதிவாயின. அந்த அநியாயத்தை வெளிக்கொண்டுவந்தவர்கள் உழைத்துச் சேர்த்த நம்பகத்தன்மையை நான் உழைக்காமல் எடுத்து என் வதந்திக்குப் பூசினேன். இதை நினைக்கும்போது வரும் வெட்கம் பெரியது. அடுத்த முறை உண்மையாகவே யாராவது தவறு செய்து, அதை ஒருவர் அம்பலப்படுத்தும்போது, 'இதுவும் ஒரு வாட்ஸ்அப் கதை' என்று ஊர் தள்ளிவிடுவதற்கு என் பங்கையும் செலுத்திவிட்டேன்.

இன்னொன்று இதைவிடக் கனமானது. என் மகளுக்கு ஒன்றேகால் வயதிலேயே தனியார் மருத்துவமனையில் எம்.எம்.ஆர். ஊசி போட்டிருந்தோம். அதிலும் இதே தட்டம்மை, ரூபெல்லா தடுப்பு மருந்துகள்தான். காசு கொடுத்துப் போட்டபோது எனக்கு ஒரு சந்தேகமும் எழவில்லை. மாநகராட்சிப் பள்ளியில் இலவசமாகப் போட வந்தபோதுதான் சதி தெரிந்தது.

எங்கள் தெருவில் துணி தேய்க்கும் அம்மா என்னிடம் வந்து, "சார், எம் பொண்ணுக்கு ஸ்கூல்ல ஊசி போடுறாங்களாம், போடலாமா?" என்று கேட்டார். "வேண்டாம்மா, அன்னிக்கு லீவு போடச் சொல்லுங்க" என்றேன். படித்தவன் சொன்னதாக நம்பினார். என் மகள் பாதுகாப்பாக இருந்தாள். என் பேச்சின் விலை அவர் மகள் தலையில் விழுந்தது.

ரூபெல்லா சிறுவயதில் வந்தால் லேசான காய்ச்சல், தடிப்போடு பெரும்பாலும் போய்விடும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் வந்தால் குழந்தை கண்புரையோடும் காது கேளாமலும் இதயக் கோளாறோடும் பிறக்கலாம். சிட்னியில் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941-லேயே இதைக் கண்டுசொல்லிவிட்டார். கண்புரையோடு பிறந்த குழந்தைகளிடம் இந்தக் கிருமியின் தடயத்தைத் தேடிய ஆய்வுகள் எங்கள் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலேயே நடந்திருக்கின்றன. என் வீட்டிலிருந்து நகரப் பேருந்தில் போய்விடக்கூடிய தூரம். ஆதாரம் அத்தனை பக்கத்தில் இருக்க, முகம் தெரியாத ஒரு குரலை நம்பினேன்.

அந்த அம்மா குடும்பத்தோடு வேறு ஏரியாவுக்குப் போய்விட்டார். அந்தப் பெண்ணுக்கு இப்போது கல்யாண வயது இருக்கும். விட்டுப்போன ஊசியைப் பெரியவளான பிறகும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் கருத்தரிப்பதற்கு ஒரு மாதமாவது முன்பாகப் போட வேண்டும், கர்ப்பமான பிறகு போடக் கூடாது. இதை அவர்களிடம் சொல்வதற்காகத்தான் தெருவில் பழைய ஆட்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அன்று என் பேச்சைக் கேட்டு யாராவது தங்கள் பெண்ணுக்குப் போடாமல் விட்டிருந்தால், அவர்களும் தயவுசெய்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தெரிந்த மருத்துவரிடமோ கேளுங்கள்.