ரிங் போகவில்லை, சார்

அந்த அம்பாசிடரின் பிஸ்டன் ரிங் நன்றாகத்தான் இருந்தது. போய்விட்டது என்று சொல்லி இஞ்சினை இறக்கியவன் நான். கோளாறை உண்டாக்கியவனும் நான்தான்.

தென்காசியில் பட்டறை வைத்திருந்தேன். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவரின் மார்க் 4 பெட்ரோல் வண்டி அது. 1489 சிசி. அவர் சொன்ன குறை நியாயமானது. எந்த இஞ்சினிலும் எரிந்த வாயு கொஞ்சம் ரிங்கைத் தாண்டி கிராங்க் கேஸுக்குள் இறங்கும். பழைய அம்பாசிடரில் டேப்பெட் கவரிலிருந்து தொங்கும் குழாய் அதை ரோட்டில் விட்டுவிடும். வண்டி ஓடினால் அடியில் போகும் காற்று இழுத்துக்கொள்ளும். நின்றால் இழுக்க ஆளில்லை. குற்றால சீசனில் ஐந்தருவி ரோட்டில் ஊர்ந்துபோகும்போது ஆயில் புகை உள்ளே வந்து அவர் வீட்டம்மாவுக்குத் தலைசுற்றும். போதாததற்கு, குற்றாலம் எட்டிப்பிடிக்கிற தூரம்தான். இஞ்சின் சூடேறுவதற்குள் அருவி வந்துவிடும். சாரல் மாதங்களில் ஈரம் உள்ளேயே தங்கி, ஆயில் மூடியின் அடியில் வெளிறிய பிசுக்கு ஒட்டிக் கிடக்கும்.

"மாருதியில இருக்க மாதிரி மாத்திரலாம் சார்" என்றேன்.

யோசனை தப்பில்லை. இதே பி சீரிஸ் குடும்ப இஞ்சினோடு இங்கிலாந்தில் ஓடிய எம்.ஜி.பி. காருக்கு 1964-லேயே மேனிஃபோல்டில் வால்வு வந்துவிட்டது. கலிபோர்னியாவில் 1961 மாடலிலிருந்தே உண்டு. கிராங்க் கேஸ் புகையை மேனிஃபோல்டு வேக்குவம் இழுத்துத் திரும்ப எரிக்கும். ஐடிலில் வேக்குவம் அதிகம், அப்போது பி.சி.வி. என்கிற அந்த வால்வு வழியைச் சுருக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும். பேக்ஃபயர் அடித்தால் மூடிக்கொள்ளும்.

இது எதுவும் அன்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று ஒத்துக்கொள்ளவும் வாய் வரவில்லை. மாருதி 800-இன் வால்வு ஒன்றை வாங்கி, டேப்பெட் கவரையும் மேனிஃபோல்டையும் ஹோஸால் இணைத்தேன். ராக்கர் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி அடைத்தேன். வெளியே புகை போனால் உள்ளே நல்ல காற்று வர ஒரு வழி வேண்டும், அந்த ஹோஸ்தான் அந்த வழி என்பது மண்டையில் ஏறவில்லை. வால்வையும் தலைகீழாக மாட்டிவைத்தேன். வாயில் வைத்து ஒருதரம் ஊதியிருந்தால் போதும்: இஞ்சின் பக்கமிருந்து ஊதினால் போகும், மேனிஃபோல்டு பக்கமிருந்து ஊதினால் அடைக்கும்.

வண்டி திரும்பி வந்தது. ராக்கர் கவர் விளிம்பெல்லாம் ஆயில், டிப்ஸ்டிக் தானாக மேலே ஏறியிருந்தது. புளியரை எஸ் வளைவில் கிளட்ச் ஸ்லிப் ஆனது என்றார். இந்த இஞ்சினின் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது. கிராங்கில் வெட்டிய திருகுப் பள்ளம்தான் ஆயிலைத் திருப்பி அனுப்பும். உள்ளே அழுத்தம் ஏறினால் ஆயில் அதைத் தாண்டிக் கிளட்ச் பிளேட்டை நனைத்துவிடும்.

"என்ன தம்பி, நீ கைவச்ச பெறவுதான இப்படி?" என்று கேட்டார்.

"ரிங் போயிட்டு சார். வயசான இஞ்சின்லா."

இறக்கினோம். ரிங்கை சிலிண்டருக்குள் நிறுத்தி ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தேன், இடைவெளி கணக்குக்குள்தான் இருந்தது. அப்புறம்தான் கழற்றிப்போட்ட வால்வு ஹோஸை எடுத்து இஞ்சின் பக்கமிருந்து ஊதினேன். காற்று போகவில்லை. பக்கத்தில் நின்ற பையன் என்னையே பார்த்தான். டீ வாங்கி வரச் சொல்லி அவனை அனுப்பிவிட்டு வால்வைத் திருப்பினேன்.

புது ரிங் போட்டேன், போட வேண்டிய அவசியமில்லாமலே. கிளட்ச் பிளேட் மாற்றினேன். நல்ல காற்றுக்கு ஏர் கிளீனர் ஹோஸைத் திரும்பக் கொடுத்தேன். மேனிஃபோல்டுக்குள் கூடுதல் காற்று வருவதால் எஸ்.யு. கார்பரேட்டரில் ஐடில் மிக்சரைக் கொஞ்சம் ரிச் ஆக்கினேன். ஆயில் மூடியைக் கழற்றி வாயில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்ததும் அது உள்பக்கமாக ஒட்டிக்கொண்டது. வேலை முதல்தரம் என்று அந்தச் சோதனையை மட்டும் அவருக்குச் செய்துகாட்டினேன்.

பென்ஷன் பணத்தில் முழு பில்லையும் கொடுத்தார். கழற்றிய ரிங்கைக் காட்டும்படி கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு பதில் வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. அடுத்த சீசனில், பத்மினி கார் வைத்திருந்த தன் மச்சினனை என்னிடம் அனுப்பிவைத்தார்.