நான்கு பாத்திகள்

2022ஆம் ஆண்டில் நெருக்கடி முற்றியபோது, வீட்டுத்தோட்டம் செய்யுமாறு அரசு ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை தரப்பட்டது. மண்வெட்டி பிடித்தறியாத எழுதுவினைஞனாகிய நானும் யாழ்ப்பாணத்து வளவிலே நான்கு பாத்தி கட்டினேன். முந்திய ஆண்டில் விதித்த இரசாயன உர இறக்குமதித் தடை நீங்கியும் உரவிலை எட்டாததாயிருந்தது. அம்மா பூவரசங்குழை தாழ்க்கக் கற்பித்தார், பிள்ளைகள் நீரிறைத்தனர். கத்தரி காய்த்தது, ஆயினும் ஐவர் உண்ணும் வீட்டுக்கு அது போதவில்லை.

எமக்கேனும் வளவிருந்தது. மலையகத்திலோ, 'தோட்டம்' என்னும் சொல்லையே தம் பெயரோடு சுமக்கும் தொழிலாளருட் பெரும்பாலோர்க்குச் சொந்தமாய் ஒரு பாத்தி நிலமுமில்லை. பயிரிடுக என்பது நல்ல புத்திமதிதான். நிலமற்றவரிடம் அதைச் சொல்லுமுன் நிலத்தைக் கொடுத்தல் வேண்டும்.