துப்பாக்கி ஊரில் ஒரு மர அறை... ஃபெர்லாக்கில் வால்நட் கட்டையை எப்படித் தேர்வு செய்கிறார்கள்?

ஆஸ்திரியாவின் தெற்கு மூலையில், ஸ்லோவேனியா எல்லையில் நீண்டு கிடக்கிறது காரவாங்கன் மலைத்தொடர். அதன் அடிவாரத்தில், திராவ் நதியின் தென்கரைப் பக்கம் இருக்கும் சின்ன ஊர் ஃபெர்லாக். மக்கள்தொகை சுமார் 7,000தான். கிளாகன்ஃபுர்ட் நகரத்திலிருந்து காரில் கிளம்பினால் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

பார்ப்பதற்கு லீவுக்கு ஓய்வெடுக்கப் போகும் மலையடிவார ஊர் மாதிரிதான் இருக்கும். ஆனால், வேட்டைக்காரர்கள் மத்தியில் இந்த ஊரின் பெயர் வேறு காரணத்துக்காகப் பிரபலம். நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே துப்பாக்கி செய்கிறார்கள். மலையில் இரும்பு, காட்டில் அடுப்புக்கரி, சம்மட்டிகளை இயக்க ஓடைத் தண்ணீர் என எல்லாமே பக்கத்தில் கிடைத்ததால் தொழில் வேரூன்றியது. ஒரு காலத்தில் ராணுவத்துக்கே துப்பாக்கி அனுப்பிய ஊர். 19-ம் நூற்றாண்டில் பெரிய தொழிற்சாலைகள் வந்து அந்த வியாபாரத்தைப் பறித்துக்கொள்ள, பட்டறைக்காரர்கள் வேட்டைத் துப்பாக்கி பக்கம் திரும்பினார்கள். 1878-ல் இதற்காகவே ஒரு பள்ளியும் தொடங்கப்பட்டது. அது இன்றும் நடக்கிறது.

இப்போது மிஞ்சியிருப்பது சில குடும்பப் பட்டறைகள்தான். அங்கே ஆர்டர் கொடுத்தால் ஒரு வருடம், இரண்டு வருடம்கூட ஆகும். வாடிக்கையாளரின் கை நீளம், தோள் அகலம், கழுத்து உயரம் எல்லாவற்றையும் அளந்து எடுத்துக்கொள்கிறார்கள், தையல்காரர் மாதிரி. அந்த வேலை முழுவதிலும் வாடிக்கையாளர் தானே கை வைத்துத் தேர்வு செய்வது ஒன்றே ஒன்றைத்தான். அது மரம்.

வெளியே ஒன்றுமே தெரியாது!

ரைஃபிளில் தோளோடு அணைத்துப் பிடிக்கும் மரப்பகுதியை 'ஸ்டாக்' என்பார்கள். அதைச் செதுக்குவதற்கு முந்தைய முரட்டுப் பலகைக்குப் பெயர் 'பிளாங்க்'. ஒரே துண்டில் செய்யும் ரைஃபிளுக்கு ஏறக்குறைய 85 சென்டிமீட்டர் நீளமும், 6 சென்டிமீட்டர் கனமும் உள்ள கட்டை வேண்டும்.

மர அறைக்குள் நுழைகிறவர் முதலில் ஏமாந்துதான் போவார். ரம்பத் தழும்போடு, தூசி படிந்து, எல்லாக் கட்டையும் ஒரே சாம்பல் நிறத்தில் அடுக்கியிருக்கும். ஈரத் துணியாலோ ஸ்பிரிட்டாலோ ஒரு முறை துடைத்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். தேன் நிறத்தில் கறுப்புக் கோடுகள், புகை சுழன்ற மாதிரி வளைவுகள், சிலதில் இறகு விரித்த மாதிரி கோலம். அரை நிமிடத்தில் ஈரம் காய்ந்து, எல்லாம் மறைந்துவிடும். துப்பாக்கி பிடிக்காதவர்களுக்கும் இந்த அரை நிமிடம் பிடிக்கும்.

மரம், வால்நட். நம்மூரில் காஷ்மீர் வால்நட் என்று வாங்கிச் சாப்பிடுகிறோமே, அதே இனம்தான். அதிக பாரம் இல்லை, ஆனால் உறுதி. ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் வெயிலுக்கும் மழைக்கும் அவ்வளவாக நெளியாது. கைப்பிடியில் வழுக்காமல் இருக்க வெட்டும் நுணுக்கமான கட்டக் கோடுகளும் உதிராமல் நிற்கும். விலை மலிவான துப்பாக்கிகளுக்கு பீச், பர்ச் மரங்கள் உண்டு. ஃபெர்லாக்கில் ஆர்டர் கொடுக்கிறவர் அதைக் கேட்க மாட்டார்.

அழகு ஓர் இடம், பலம் ஓர் இடம்

கண்ணைப் பறிக்கும் கட்டையைப் பார்த்ததும் "இதுதான் வேண்டும்" என்று கை நீட்டுவது எல்லோருக்கும் வரும் ஆசை. அனுபவசாலிகள் முதலில் பார்ப்பது கோலத்தை அல்ல, கைப்பிடி வரும் இடத்தை. ஸ்டாக்கிலேயே மெலிந்த பகுதி அது. விரல்கள் சுற்றிப் பிடிக்க வேண்டும் என்பதால் அதைத் தடிமனாக வைக்க முடியாது. ஆனால் சுடும்போது வரும் பின்னுதை அத்தனையும் அந்த வழியாகத்தான் தோளுக்குப் போகிறது.

மரத்தின் ரேகை கைப்பிடியின் போக்கிலேயே நீளமாக ஓடினால் கவலையில்லை. ரேகை குறுக்கே வெட்டிப் போனால், அந்த இடத்தில் மரம் என்றாவது ஒருநாள் விரிசல் விடும். காட்டெருமை வேட்டைக்கான கனரக ரைஃபிள் என்றால், அந்த 'ஒருநாள்' எதிரே மிருகம் நிற்கும் நாளாகவும் இருக்கலாம்.

அதனால்தான் நல்ல கட்டைக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். முன்பாதியும் கைப்பிடியும் சாதுவாக, நேர் ரேகையோடு இருக்க வேண்டும். அழகெல்லாம் பின்பாதியில், தோளில் பதியும் அகலமான பகுதியில் இருக்கட்டும். கணு, உள்ளே புதைந்த பட்டை, வைரம் பாயாத வெள்ளைப் பகுதி இருந்தால் ஒதுக்கிவிடுவார்கள். வலது கைக்காரர் என்றால் கன்னம் பதிய இடது பக்கம் ஒரு மேடு விட்டுச் செதுக்குவது இந்த ஊர்ப் பக்கத்து வழக்கம். அதற்கும் கட்டையில் சதை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான கட்டைகள் இந்தப் பரீட்சையில் ஏதாவது ஒன்றில் தோற்றுவிடும். மீறித் தேறும் கட்டைக்குச் சில ஆயிரம் யூரோ விலை சொன்னால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

விலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. வால்நட்டில் அந்தச் சுழிக்கோலம் அதிகம் விழுவது, அடிமரம் வேரோடு சேரும் இடத்தில். அது வேண்டுமென்றால் மரத்தைத் தரைமட்டத்தில் அறுத்தால் போதாது. வேரோடு தோண்ட வேண்டும். துருக்கி, காகசஸ் மலைப்பகுதிகளிலிருந்து வரும் இந்தக் கட்டைகளில் பல, நூறு வயதைத் தாண்டிய மரங்கள். தலைமுறை தலைமுறையாகக் காய் கொடுத்தவை. இன்று காய்க்காக நடும் ஒட்டுமரங்கள் சீக்கிரம் காய்க்கும். ஆனால் இந்த நிறமும் கோலமும் வர அவற்றுக்கும் அதே நூறு வருடம் தேவை. அவ்வளவு காலம் அவற்றை யார் விட்டுவைக்கப் போகிறார்கள்?

காத்திருக்கும் வேலை

அறுத்த கட்டையை உடனே செதுக்க முடியாது. நுனிகள் வேகமாகக் காய்ந்து வெடித்துவிடும் என்பதால் அங்கே மெழுகு பூசி, காற்றோட்டமாக அடுக்கி, வருடக்கணக்கில் வைக்கிறார்கள். அவ்வப்போது தராசில் நிறுத்துப் பார்ப்பார்கள். எடை குறைவது நின்றால்தான் மரம் தயார். அவசரப்பட்டால், செதுக்கி முடித்து வீட்டுக்கு எடுத்துப்போன பிறகு ஸ்டாக் நெளிந்து, குழலை ஒரு பக்கமாகத் தள்ளும். குறி தவறும். இந்த ஒரு விஷயத்தில் வாடிக்கையாளரின் கண்ணால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. பட்டறைக்காரரின் வார்த்தையை நம்பத்தான் வேண்டும். குடும்பப் பெயருக்கு இங்கே இருக்கும் மதிப்பு அதனால் வந்ததுதான்.

பிறகு வருவது பொருத்தும் வேலை. இரும்புப் பாகத்தில் கரியைத் தடவி மரத்தில் அழுத்துகிறார்கள். கறுப்பு ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் மெல்லச் சுரண்டுகிறார்கள். மறுபடி கரி, மறுபடி அழுத்தல், மறுபடி சுரண்டல். இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே காகிதம்கூட நுழையாத அளவுக்கு வரும்வரை இதே வேலைதான். கடைசியில் எண்ணெய். ஒவ்வொரு பூச்சும் மெல்லியதாக, உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்த்து, காயவிட்டு, திரும்பவும் தேய்த்து. அப்போதுதான் அன்று மர அறையில் அரை நிமிடம் தெரிந்து மறைந்த கோலம், மறையாமல் நிற்கும்.

ரைஃபிள் வாங்கும் உத்தேசம் இல்லாதவர்களும் ஊருக்குப் போகலாம். பழைய மாளிகையில் துப்பாக்கி செய்பவர்களுக்கும் வேட்டைக்கும் என்றே ஒரு மியூசியம் இருக்கிறது. இரண்டு குழல், மூன்று குழல் துப்பாக்கிகளைப் பார்க்கும்போது கண் தானாக செதுக்கிய இரும்பு வேலைப்பாடுகளுக்குத்தான் போகும். கொஞ்சம் கீழே இறக்கி, கைப்பிடியில் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்.