நிற்பதும் நிறுத்துவதும்

தமிழில் நிற்பது ஒன்று, நிறுத்துவது வேறு. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. மனிதன் நிற்கிறான், வண்டியை நிறுத்துகிறான். இந்த வேறுபாட்டைப் பள்ளிக்கூடத்தில் படித்தேன் என்றாலும் அது ஸ்தூலமாக எனக்குப் புரிந்தது திருப்பூரில்தான். இந்த ஊரின் மையத்தில் சமீப வருஷங்களில் எழும்புகிறவற்றில் கணிசமானவை நிறுத்துவதற்கான இடங்கள். நிற்பதற்கான இடங்கள் அதே வேகத்தில் மறைந்துகொண்டிருக்கின்றன. இவை இரண்டும் தனித்தனிக் காரியங்கள் அல்ல, ஒரே காரியத்தின் இரு முனைகள் என்று எனக்குப் படுகிறது.

மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2015 ஜூனில் அறிவிக்கப்பட்டது. 2017-ல் திருப்பூர் அதற்குத் தேர்வாயிற்று. பழைய பஸ் ஸ்டாண்டு இடிக்கப்பட்டு, கலைஞர் பெயர் தாங்கிய மத்திய பேருந்து நிலையமாக நிமிர்ந்தது. டவுன்ஹால் இருந்த இடத்தில் மாநாட்டு அரங்கம் வந்தது. வாகனங்களுக்கென்று அடுக்குமாடி ஒன்றும் வந்தது. 2025 மார்ச்சோடு திட்டமும் முடிந்துவிட்டது. இவற்றைக் கண்டதும் முகத்தைச் சுளிப்பது நம் மாதிரி ஆட்களின் வழக்கம். எனக்கு அதில் சம்மதமில்லை. பழைய பஸ் ஸ்டாண்டின் மூத்திர நாற்றத்தில் எந்தக் கவிதையும் இருக்கவில்லை. மழைக்கு ஒதுங்க முடியாத ஒரு ஷெட்டை இழந்ததற்காக யாரும் ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை. கட்டினார்கள் என்பதல்ல பிரச்னை. எதை ஊரின் குறையாகக் கண்டு கட்டினார்கள் என்பதே பிரச்னை.

ஊரின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குறுக்கே நொய்யல் ஓடுகிறது, அதாவது ஓடியது. அதற்கு வடக்கே ரயில் பாதை. இந்த இரண்டு கோடுகளும் ஊரை வெட்டிப்போட்டிருக்கின்றன. வடக்கிலிருந்து தெற்கே போகிற எல்லாமும் ஒருசில பாலங்களின் தொண்டைக்குள் நுழைந்துதான் வெளிவர வேண்டும். 1917-ல் முனிசிபாலிட்டி ஆன ஊர் 2008-ல் மாநகராட்சி, 2009-ல் மாவட்டத் தலைநகர். 2011 கணக்கெடுப்பில் பழைய நகர எல்லைக்குள் மட்டும் 4,44,352 பேர். பருத்தி மூட்டை ஏற்றிய மாட்டுவண்டிக்குப் போதுமாயிருந்த அரிசிக்கடை வீதியும் காதர்பேட்டைச் சந்துகளும் இன்றைக்கு இத்தனையையும் தாங்க வேண்டியிருக்கிறது. ஆகவே இடம் போதாது என்பது பொய்யல்ல.

ஆனால் திருப்பூர் தெருவில் நிற்கிற வண்டி எல்லாம் ஒரே சாதி வண்டி அல்ல. மற்ற ஊர்களில் தொழிற்சாலை ஒரு மதிலுக்குள் இருக்கும். நூல் ஒரு வாசலில் நுழைந்து சட்டையாக இன்னொரு வாசலில் வெளியேறும். இங்கே பெரும்பாலும் அப்படியில்லை. நூலை நிட்டிங்குக்குக் கொண்டுபோகிறார்கள். நெய்த துணி சாயப்பட்டறைக்குப் போகிறது. அங்கிருந்து காம்பாக்டிங். பிறகு கட்டிங் டேபிள். வெட்டிய துணி பிரிண்டிங்குக்கோ எம்பிராய்டரிக்கோ போய்த் திரும்பிப் பவர் டேபிளுக்கு வருகிறது. காஜா பட்டன் இன்னொரு தெருவில். லேபிளும் எலாஸ்டிக்கும் பாலிதீன் பையும் அட்டைப்பெட்டியும் வேறு வேறு சந்துகளில். ஒரு பனியன் உடம்பில் ஏறுவதற்கு முன் ஊரை ஒரு தரம் சுற்றி வந்துவிடுகிறது. ஆக, இங்கே தெருவென்பது தொழிற்சாலைக்குப் போகிற வழி மட்டுமல்ல. தொழிற்சாலையின் நடுக்கூடமே தெருதான். துணி உருளையைக் குறுக்கே போட்டுக்கொண்டு போகிற டிவிஎஸ் எக்ஸெல்லும், குட்டியானை என்று நாம் செல்லமாகச் சொல்கிற டாட்டா ஏஸும் அந்தக் கூடத்தில் நகரும் இயந்திரங்கள். அவை ஐந்து நிமிஷம் நிற்பது வேலையின் ஒரு பகுதி. அதையும், காலையில் ஒரு கார் வந்து கடை வாசலில் ராத்திரி வரை கிடப்பதையும் 'பார்க்கிங்' என்ற ஒரே வார்த்தைக்குள் அடைக்கும்போது சிந்தனை கெட்டுவிடுகிறது.

காலர் கட்டுகளை எடுத்துப்போகிற பையன் ஒருவனிடம், புதிதாகக் கட்டியிருக்கிறார்களே, அங்கே விட்டுவிட்டு வரலாமே என்று கேட்டேன். "அங்க மேல ஏத்தி, சீட்டு வாங்கி, எறக்கறதுக்குள்ள இங்க லைனு நின்னு போயிருமுங்ண்ணா" என்றான். லைன் என்றால் தையல் வரிசை. இவன் கையிலிருக்கும் கட்டு போய்ச் சேராவிட்டால் முப்பது பேர் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவனுக்கு அந்தக் கால் மணி நேரத்துக்குக் கூலியில்லை. அடுக்குமாடியை வடிவமைத்தவர் மனசில் ஒரு வாடிக்கையாளர் இருந்திருக்கிறார். துணிக்கடைக்குக் குடும்பத்தோடு காரில் வருகிறவர். அவர் வரட்டும். ஆனால் காலர் கட்டுப் பையன் அந்த வரைபடத்தில் எந்த இடத்திலும் இல்லை.

இனி சில அளவுகள். நம் ஊர்க் கட்டட விதிகளில் ஒரு காருக்கு ஒதுக்கும் கட்டம் இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர். அதாவது ஏறக்குறைய 135 சதுர அடி. திரும்புவதற்கும் ஏறுவதற்கும் வேண்டிய பாதையையும் சேர்த்தால் அடுக்குமாடியில் அது இருமடங்கைத் தாண்டும். காதர்பேட்டைக்குப் பின்னால் நான் குடியிருந்த காம்பவுண்டில் ஒரு வீடு பத்துக்குப் பத்து, நூறு சதுர அடி. அதற்குள் அடுப்பு, கொடி, சாமி படம், பாய், சில வீடுகளில் நான்கு பேர். பன்னிரண்டு வாசல்கள், இரண்டு கக்கூஸ், ஒரு தொட்டி. வாடகையைப் பொறுத்தவரை சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அங்கிருந்து கம்பெனிகளுக்கு நடந்து போனோம். காலையில் எட்டரை ஷிப்டுக்கு எட்டு இருபதுக்குக் கதவைச் சாத்தினால் போதும். மத்தியானம் வந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிட்டுத் திரும்புகிற கைமடி அக்கா ஒருத்தி எதிர்வீட்டில் இருந்தாள். அவளுடைய சம்சாரத்தின் முழுக் கணக்கும் அந்தப் பத்து நிமிஷ நடையின் மேல்தான் கட்டப்பட்டிருந்தது.

காம்பவுண்டை விற்றார்கள். இடித்தார்கள். அந்த இடத்தில் நான்கு மாடி வணிக வளாகம் வந்தது. தரைத்தளம் முழுக்கத் தூண்கள், வண்டி நிறுத்த. இதில் சட்ட விரோதம் ஏதுமில்லை. சொல்லப்போனால், சட்டம் அதைத்தான் கேட்கிறது. 2019-ன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இத்தனை பரப்புக்கு இத்தனை வண்டி இடம் என்று நிர்ணயிக்கின்றன. தூண்களுக்கிடையே வண்டிக்கு விட்ட தளம் அனுமதிக்கப்பட்ட தளப்பரப்புக் கணக்கில் சேர்வதில்லை. அதே தளத்தில் ஒரு மனிதனைக் குடிவைத்தால் சேர்ந்துவிடும். இந்தக் கணக்கை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். வண்டிக்கு வீடு இலவசம். மனிதனுக்கு வீடு கணக்கில் ஏறும். இப்படி ஒரு தர்மத்தை யாரும் உட்கார்ந்து தீர்மானித்திருக்க மாட்டார்கள். அட்டவணைகளின் ஏதோ ஒரு சந்தில் அது தானாக முளைத்துவிட்டது. ஒரு சமூகத்தின் உண்மையான நம்பிக்கைகள் அதன் அட்டவணைகளில்தான் இருக்கின்றன, மேடைப் பேச்சில் அல்ல.

கைமடி அக்கா வீரபாண்டிப் பக்கம் போனாள். வேறு சிலர் பாண்டியன் நகர் தாண்டி. நான் பெருமாநல்லூர் ரோட்டில். நடந்தவர்கள் எல்லோரும் தவணையில் வண்டி வாங்கினோம். அல்லது கம்பெனி வேனுக்குக் காத்திருந்தோம். மத்தியானச் சோறு நின்றது. அக்கா வேலையை விடவில்லை, பிள்ளையைத் தாராபுரத்தில் அம்மாவிடம் விட்டுவிட்டாள். "மத்தியானம் ஒரு மணி ஆச்சுன்னா கை சும்மாவே பெசையற மாதிரி இருக்குதுங்க தம்பி" என்று ஒருநாள் சொன்னாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

இங்கேதான் வட்டம் பூர்த்தியாகிறது. நகரின் மையத்தில் நடந்து போகிறவனின் வீட்டை எடுத்து வண்டிக்கு இடமாக்குகிறோம். அவன் ஊருக்கு வெளியே போய் வண்டி வாங்கி, மறுபடி மையத்துக்கு வருகிறான். வண்டிகள் பெருகிவிட்டன, இடம் போதவில்லை என்று இன்னொரு இடிப்பு. நோயை உண்டாக்குகிற மருந்து என்பார்களே, அது. அமெரிக்காவில் டொனால்டு ஷூப் என்ற பேராசிரியர் 2005-ல் இதைப் பற்றியே தடித்த புத்தகம் எழுதினார். இலவசமாகக் கிடைக்கும் வண்டி இடத்துக்கு யாரோ விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், அந்த விலை சாமான் விலையிலும் வீட்டு வாடகையிலும் ஒளிந்திருக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். ஜப்பான் வேறு வழி கண்டது. 1962-ன் சட்டப்படி, வண்டி வைக்கச் சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் இருக்கிறது என்று காட்டினால்தான் அங்கே கார் வாங்க முடியும். தெரு பொதுவானது, உன் இரும்பை அதன் மேல் கிடத்த உனக்கு உரிமையில்லை என்று ஒரு தேசம் முடிவு செய்ததன் விளைவு. நம்மிடமும் 2006-ன் தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கை இருக்கிறது. நகர்த்த வேண்டியது மனிதர்களை, வண்டிகளை அல்ல என்று அது சொல்கிறது. வண்டி இடத்துக்கு நிலத்தின் உண்மை மதிப்பைக் கட்டணமாக வாங்கு என்கிறது. கூடவே, நகர மையங்களில் அடுக்குமாடி நிறுத்துமிடங்கள் வேண்டும் என்றும் சொல்கிறது. மூன்றில் எது கான்கிரீட்டாக மாறக்கூடியதோ, அது மட்டுமே பெரும்பாலும் நடக்கிறது. எதையும் ஊற்றிக் காட்டினால்தான் திறப்புவிழா.

காலி இடமே வேண்டாம் என்று வாதிடுகிறவனாக என்னை எடுத்துக்கொள்ளக் கூடாது. 2023 ஜூனில் காதர்பேட்டை பனியன் பஜாரில் தீப்பிடித்து சுமார் ஐம்பது கடைகள் எரிந்துபோயின. சரக்கும் தகரமும் தோளோடு தோள் இடித்துக்கொண்டிருக்கிற இடத்தில் ஒரு பொறி போதும். நெருக்கத்தை அழகு என்று எழுதுகிறவன் அதற்குள் குடியிருக்காதவன். ஊருக்கு வெற்றிடம் தேவை. அது யாருக்காகக் காலியாக வைக்கப்படுகிறது என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

அரசியல் என்று வந்துவிட்டதால் வார்த்தைக்குத் திரும்புகிறேன். 'நிறுத்தம்' என்ற சொல் இந்த ஊரில் இப்போதைக்கு வண்டியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் 1984-ல் அது வேறொன்றைக் குறித்தது. பஞ்சப்படி கேட்டு அந்த வருஷம் பனியன் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் 127 நாட்கள் நீடித்தது. பிறவினையின் எழுவாயாக மனிதர்கள் இருந்த 127 நாட்கள் அவை. நிறுத்தினவர்கள் அவர்கள், நின்றது இயந்திரம். அப்படி நிறுத்துவதற்கு முதலில் அவர்கள் ஓரிடத்தில் கூடி நிற்க வேண்டியிருந்தது. கம்பெனி வாசலில், டீக்கடையில், சங்க ஆபீசின் முன்னால், தெரு முக்கில். அதற்கும் முன்னே, 1932 ஜனவரியில், கையில் கொடியோடு ஒரு சிறு ஊர்வலம் இதே ஊர்த் தெருவில் நடந்து அடிபட்டது. அடிபட்டவர்களில் ஒருவர் பதினோராம் தேதி இறந்தார். அவர் பெயரில் இருக்கும் குமரன் ரோட்டில் இன்று பத்துப் பேர் சேர்ந்து ஓரமாக நிற்க முடியுமா என்று முயன்று பார்க்கலாம். நடைபாதையில் வண்டி, அதற்கு வெளியே வண்டி, அதற்கும் வெளியே நகரும் வண்டி. யாரும் தடுக்க வேண்டியதில்லை. தடையுத்தரவின் வேலையை ஹேண்டில்பார்கள் பார்த்துக்கொள்கின்றன.

நம் புதுக்கவிதையில் நகரம் வருகிறபோதெல்லாம் கூட்டத்தில் தனியாக நிற்கும் ஒருவன் வருகிறான். அந்நியமாதல் என்று அதற்குப் பெயரும் வைத்தோம். அந்தக் கவிதைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை, அவற்றோடுதான் வளர்ந்தேன். ஆனால் அவன் நிற்பதற்கு ஒரு நடைபாதை இருந்தது என்பதை நாம் கவனிக்கவில்லை. தனிமையை உணரக்கூட இரண்டு பாதங்களின் அளவு தரை வேண்டியிருக்கிறது. மனசின் நெருக்கடியைப் பற்றி இவ்வளவு எழுதிய நாம், சதுர அடியைப் பற்றி எழுதுவது இலக்கியமல்ல என்று எப்படியோ நினைத்துக்கொண்டோம். திருப்பூர் மாதிரி ஓர் ஊரில் அகம் என்பது பத்துக்குப் பத்து. புறம் என்பது அதற்கு வெளியே பத்து நிமிஷ நடை. இரண்டையும் ஒரு வரைபடம் எடுத்துக்கொண்டுவிடுகிறது.

செய்யக்கூடியவை பெரிய விஷயங்கள் அல்ல. சரக்கு ஏற்றி இறக்க வீதிதோறும் சில கட்டங்களை நேரம் குறித்து விடலாம். நாள் முழுக்கக் கிடக்கும் காருக்கு நிலத்தின் விலையை வாங்கலாம். மையத்தில் காம்பவுண்டு இடிக்கப்படும்போது, அங்கே குடியிருந்தவர்களுக்கு மேல் மாடியில் இத்தனை அறை என்று விதியில் ஒரு வரி சேர்க்கலாம். வண்டிக்கு இத்தனை சதுர மீட்டர் என்று எழுதத் தெரிந்த கைக்கு இதையும் எழுதத் தெரியும். புதிய பேருந்து நிலையத்தில் எத்தனை பஸ் நிற்கும், எத்தனை வண்டி நிறுத்தலாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஊரின் நடுவில், எதையும் வாங்காமல், எங்கும் போகாமல், எத்தனை பேர் நிற்கலாம் என்பதற்கும் ஒரு கணக்கு வேண்டும்.