இதுல ஊருணி எங்கடா?

'உங்க ஊர் 2050-ல எப்படி இருக்கணும்? ஃப்ரெண்ட்ஸோட பேசிட்டு ஒரு பக்கம் எழுது!' இதழ்லேர்ந்து போன் வந்ததும் எனக்குத் தலைகால் புரியலை. நான் காரைக்குடிப் பையன். படிக்கிறது சிவில், மூணாம் வருஷம். அல்வா மாதிரி சப்ஜெக்ட்!

ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு முற்றத்துல ஆறு பேர் கூடினோம். பெரிய சார்ட் பேப்பர், நாலு கலர் ஸ்கெட்ச் பேனா. ஒருத்தன் எடுத்ததுமே ஏர்போர்ட்டைப் போட்டான். "செட்டிநாட்டுல உலகப் போர் காலத்து ரன்வே சும்மாதானே கிடக்கு!" இன்னொருத்தன் ஐ.டி. பார்க். எங்க செட்டோட ஒரே பொண்ணு மட்டும், "ராத்திரி பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டுலேர்ந்து பயமில்லாம வீட்டுக்கு நடந்து வரணும். அதை எந்தக் கலர்ல வரையறது?"ன்னு கேட்டா. எங்ககிட்ட அந்தக் கலர் இல்லை.

நான் என் பங்குக்கு, காலியாத் தெரிஞ்ச ஒரு இடத்துல மூணு மாடி பார்க்கிங் கட்டினேன்.

காபி கொண்டு வந்த அப்பத்தா எட்டிப் பார்த்துச்சு. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதுல ஊருணி எங்கடா?"

தேடினா... என் பார்க்கிங்குக்கு அடியில கிடந்துச்சு!

உங்களுக்கு செட்டிநாட்டு வீடுன்னா தேக்குத் தூணும் ஆத்தங்குடி கல்லும்தானே ஞாபகம் வரும்? எனக்கும் அப்படித்தான். அன்னிக்குத்தான் அந்த வீடுகளோட பிளம்பிங்கை யோசிச்சேன். பக்கத்துல பெரிய ஆறு கிடையாது. ஓட்டுல விழற மழை முற்றத்துக்கு வரும். அங்கேர்ந்து தெரு வாய்க்காலுக்கு, தெருவுலேர்ந்து ஊருணிக்கு. இதை ஒரு வீட்டுக்காரர் மட்டும் நினைச்சா செய்ய முடியாது. அடுத்த வீடு, எதிர் வீடு, மொத்தத் தெருவும் ஒரே சரிவுக்கு ஒத்துக்கணும். சர்வே லேப்ல டம்பி லெவலை வெச்சுக்கிட்டு நாங்க ஒரு மூலையிலேர்ந்து இன்னொரு மூலைக்கு லெவல் எடுக்கறதுக்குள்ள மூணு சண்டை வந்துடுது!

அப்புறம் வள்ளல் அழகப்பர். 1947-ல காலேஜ் ஆரம்பிச்சார். மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கே வரணும்னு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948-ல நேரு அடிக்கல் நாட்ட, 1953-ல திறந்தாங்க. அழகப்பர் 1957-ல இறந்தப்போ அவருக்கு 50 வயசுகூட ஆகலை. அவர் பேர்ல பல்கலைக்கழகம் வந்தது 1985-ல. அதை அவர் பார்க்கலை.

இதையெல்லாம் நான் பெருமையா அளந்துக்கிட்டு இருந்தப்போதான் அந்தப் பொண்ணு குண்டைத் தூக்கிப் போட்டா. "சரி, 2050-ல இந்த ஊர்ல யாரெல்லாம் இருக்கப்போறீங்க? கையைத் தூக்குங்க!"

ஒரு கைகூட எழலை. என் கையும்தான்.

பொய் சொல்ல விரும்பலை. பிளேஸ்மென்ட்ல சென்னையோ பெங்களூரோ கிடைச்சா அன்னிக்கே பெட்டியைக் கட்டிடுவேன். அப்பா ஆசையும் அதுதான். நான் வாழப்போகாத ஊருக்கு நான் எதுக்குப் பார்க்கிங் கட்டறேன்?

அப்பத்தாதான் கை கொடுத்துச்சு. "போறது என்னடா புதுசு? பர்மாவுக்குப் போனவங்க கட்டுன ஊருதானே இது?"

சரிதான். ஆனா, அப்படிக் கட்டின வீடுகள்ல எத்தனை இன்னிக்குப் பூட்டிக் கிடக்கு! இடிச்ச வீட்டுத் தூணும் கதவும் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள்ல வெயில் காயுது. வெளியூர்லேர்ந்து பணம் வந்தா வீடு எழும்பும். ஊருணியைத் தூர் வார இங்கே ஆள் இருக்கணுமே? இதை அப்பத்தாகிட்ட கேக்க தைரியம் வரலை. அதோட மூணு பிள்ளைகள்ல ரெண்டு பேர் வெளியூர்ல.

1928-ல நகராட்சியான காரைக்குடி, 2024-ல மாநகராட்சி ஆகிடுச்சு. ஒரு ஊருக்கு மாஸ்டர் பிளான் போடறப்போ அதை வெளியிட்டு, பொதுமக்கள்கிட்ட ஆட்சேபணையும் ஆலோசனையும் கேக்கணும்னு 1971-ம் வருஷத்து நகர ஊரமைப்புச் சட்டம் சொல்லுது. சிவில் படிக்கிற எனக்கே இது செமஸ்டர் கேள்வியாத்தான் தெரியும். கேக்கிறப்போ எழுதிப் போட, எங்க ஆறு பேர் பட்டியலை இப்பவே தயார் பண்றோம். முதல் வரி அந்தப் பொண்ணோடது: பஸ் ஸ்டாண்டுலேர்ந்து தெருமுனை வரைக்கும் எரியற விளக்கு. ஏர்போர்ட்காரன் இன்னும் விட்டுக்கொடுக்கலை.

ஸ்கெட்ச்ல போட்டதை அழிக்க முடியாது. அதனால பார்க்கிங் மேல வெள்ளைத் தாளை ஒட்டி, நீலம் அடிச்சு அப்பத்தாகிட்ட காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்துச்சு.

"இதுக்குத் தண்ணி எந்த வழியாடா வரும்?"

மறுபடியும் பேனா மூடியைத் திறந்தேன்.