கிணற்றடி நேரம்

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் நான் கொஞ்சம் தனியாக உட்கார்ந்தாலே, "உடம்புக்கு என்ன செய்யுது?" என்பார் அத்தை. அதனால் கோயிலுக்கென்று பொய் சொல்லி, நோட்டோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறுவேன்.

ஆண்டாள் கோயிலில் கண்ணாடிக் கிணறு இருக்கிறது. பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடி, அதில் அவள் அழகு பார்த்ததாகக் கதை. எல்லோரும் மாலையைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கோ, யாரும் பார்க்காத அந்த நேரம்தான் பெரிதாகப் பட்டது. திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143. இந்த 173 பாசுரங்களுக்கும் அப்படி எத்தனை நேரம் வேண்டியிருந்திருக்கும்!

வாயை மூடச் சொல்லி நமக்குப் பழக்கிய மௌனத்தில் ஒரு வரியும் வராது. நாமே எடுத்துக்கொள்ளும் மௌனத்தில் வருகிறது.

போன மாதம் உண்மையைச் சொன்னேன்: "எழுதப் போறேன் அத்தை."

"எப்ப வருவ?" என்று மட்டும் கேட்டார்.